ஒருகை முத்திரை

“இந்த வண்டியில ரெண்டு கை இருக்குதுங்க ஐயா,” என்றாள் ஃபர்சானா.

சென்னியப்பன் சிரித்துவிட்டார். “எனக்கே ரெண்டு கைதான அம்மிணி இருக்குது. அதுல என்ன அதிசயம்?”

அவள் சிரிக்கவில்லை. ‘சக்கரச் சந்தை’ என்ற இணைய ஏலத்தளத்துக்காகக் கோயமுத்தூரிலிருந்து தேய்மானியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். குக்கர் மூடி அளவே இருந்த அந்தக் கருவி, காலை எட்டு மணியிலிருந்து ஈரோடு கொல்லம்பாளையத்து ஷெட்டில் நின்ற சிவப்பு மாருதி 800-ன் மேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது அவள் கையிலிருந்த திரைப்பலகையில் இரண்டு நிறத்தில் கோடுகள் ஓடின. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

“ஓட்டுனவங்க ரெண்டு பேருங்க. நீலம் நீங்க. மஞ்சள் யாருன்னு நீங்கதான் சொல்லோணும்.”

‘கை’ என்றால் என்னவென்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மனிதன் வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பின் தெருவெல்லாம் தானோடிகள்தான். ஸ்டியரிங் கிடையாது, பெடல் கிடையாது, ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் போதும். ஆனால் அந்தத் தானோடிகள் ஆரம்பத்தில் ஓட்டிய லட்சணம் இருக்கிறதே, அதை ஏன் கேட்கிறீர்கள். சாலை விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து நடுரோட்டில் முழித்துக்கொண்டு நிற்கும். எதிரே ஆட்டுக்குட்டி வந்தால் நிற்கும். ஆட்டுக்குட்டியும் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பவானி வரைக்கும் வரிசை நிற்கும்.

அப்போதுதான் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். ஒரே ஆள் பல வருஷம் ஓட்டிய பழைய வண்டியில் அவருடைய ஓட்டும் புத்தி தேய்மானமாகப் பதிந்திருக்கிறது. கிளட்ச் தகடு தேய்ந்த விதம், ஸ்டியரிங்கில் மெருகு போன இடம், பெடல் ரப்பரின் சாய்வு, சீட்டு ஸ்பிரிங் அமுங்கிய பக்கம் எல்லாவற்றையும் அணு அணுவாக வாசித்தால், எந்த வளைவில் எதற்குப் பயந்து காலை எடுத்தார் என்பது வரை தெரிந்துவிடும். அதை விதையாக வைத்து ஓர் ‘ஓட்டுமனம்’ வளர்த்து லட்சம் தானோடிகளுக்குள் ஏற்றிவிடலாம். அந்த விதைக்குப் பேர்தான் கை. வண்டி பெரும்பாலும் அசலாக இருக்க வேண்டும். பாகத்தை மாற்றினால் பாகத்தோடு கையும் போய்விடும்.

ஒரே ஆள் ஓட்டிய வண்டி என்று தேய்மானி சொல்லிவிட்டால் அதற்கு ‘ஒருகை முத்திரை’. அந்தக் கையிலிருந்து வளர்ந்த ஒவ்வொரு தானோடியின் முகப்பிலும் ஓட்டியவர் பெயரைப் பொறிக்க வேண்டும், அது சட்டம்.

சென்னியப்பனுக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கார்டாக, சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கொடி காட்டியவர் அவர். ரயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் எஞ்சின் டிரைவருக்குப் பேர். நடுவழியில் நின்றால் கார்டுக்கு மெமோ. கார்டு என்று ஓர் ஆள் பின்னால் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வயிற்றெரிச்சல் எண்பத்துமூன்று வயதிலும் ஆறவில்லை. அதனால்தான் ஐம்பத்துநாலு வருஷம் குழந்தை மாதிரி வைத்திருந்த வண்டியை ஏலத்துக்கு விடத் துணிந்தார். போகிற காலத்தில் ஊர் முழுக்க வண்டிகளின் முகப்பில் ‘சென்னியப்பன் கை’ என்று இருக்கட்டுமே என்ற ஆசை.

“அம்மிணி, உன் மிசினுக்குக் கோளாறு,” என்றார் இப்போது. “இந்த வண்டிய என்னைத் தவிர ஒரு ஈ காக்கா தொட்டதில்ல. வேணும்னா இதப் பாரு.”

அலமாரியிலிருந்து ஒன்பது நோட்டுகளை எடுத்து மேஜையில் போட்டார். ஒவ்வொரு பயணமும் தேதி, நேரம், புறப்படும்போது மீட்டர் எண், திரும்பும்போது மீட்டர் எண் என்று கார்டு ஜர்னல் மாதிரியே எழுதியிருந்தது. ஒரு கிலோமீட்டர் கூட விட்டுப்போகவில்லை. மொத்தம் அறுபத்தோராயிரத்துச் சொச்சம்.

“நோட்டு சரியாத்தானுங்க இருக்கும். மீட்டரும் அதையேதான் காட்டுது. ஆனா வண்டி ஓடினது தொண்ணூறாயிரத்துக்கு மேல. பேரிங்கு பொய் சொல்லாதுங்களே.” அவள் பலகையை அவர் பக்கம் திருப்பினாள். “இன்னொன்னு. கியர் பெட்டிகிட்ட ஒரு நட்டு இருக்குதுங்க. அதை ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை கழட்டி மாட்டியிருக்காங்க. எல்லாமே மஞ்சள் கை, வண்டியக் கிளப்பறதுக்கு முன்னால ஒருதரம், நிறுத்துனதுக்கு அப்புறம் ஒருதரம். அது எதுக்குன்னு எங்க பட்டியல்ல இல்ல. ஏதோ பராமரிப்பு போலிருக்கு.”

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. மீட்டர் கேபிள் என்ற ஒன்றை அவள் பிறவியில் பார்த்திருக்க நியாயமில்லை. சென்னியப்பனுக்குத் தெரியும். அந்த நட்டைக் கழற்றிக் கேபிளை உருவிவிட்டால் வண்டி கன்னியாகுமரி போய் வந்தாலும் மீட்டர் ஓர் எண் நகராது. ஆனால் அதை அவர் அவளுக்குச் சொல்லவில்லை. ஊரார் முன்னால் ஏமாளி என்று தானே ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்.

“கிளட்ச் பெடலைப் பாருங்க,” என்றாள் அவள் விடாமல். “உங்க கால் ஷூ போட்ட கால். மஞ்சள் வெறுங்கால். ரப்பருக்குள்ள வெள்ளித் துகள் இறங்கியிருக்குது, ரெண்டாவது விரல் படற எடத்துல மட்டும்.”

இரண்டாவது விரலில் வெள்ளி. மெட்டி.

சென்னியப்பன் மெதுவாகத் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். சமையலறையில் மயிலாத்தாள் எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. ஐம்பத்தாறு வருஷமாக அவருடன் குடித்தனம் நடத்தும் மனைவி. அந்த வண்டியில் அவளுக்கு விதித்திருந்த இடம் பின் சீட்டு, இடது பக்கம், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

ஃபர்சானா தயக்கத்தோடு, “வாசிப்பு முடிஞ்சதும் அறிக்கை தானா தளத்துல ஏறிருமுங்க. மாத்த முடியாது. ரெண்டு கை வண்டின்னுதான் போகும். எந்தக் கை வேணும்ங்கறது வாங்கறவங்க இஷ்டம். அந்தக் கையோட பேரத்தான் முகப்புல போடுவாங்க,” என்றாள். “ஓட்டுறப்ப பட்டது மட்டும் போதுமா, ஓட்டாம தொட்டதையும் சேர்க்கறதான்னு காலையில கேட்டேனில்லீங்களா? எல்லாத்தையும் சேர்த்துத்தான் ஏத்தியிருக்கேன்.”

ஆமாம், கேட்டாள். வழக்கமாக யாரும் அதைச் சேர்ப்பதில்லை. ‘ஒரு நிமிஷம் லேட்டானாலும் ஜர்னல்ல எழுதுன ஆளு நானு, ஒண்ணையும் விடாம எழுது’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் இவர்தான். தான் துடைத்த துடைப்பும் போர்த்திய போர்வையும் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?

ஃபர்சானா போனதும் சமையலறை வாசலில் போய் நின்றார்.

“மயிலா, நீ வண்டி ஓட்டுனயா?”

மயிலாத்தாள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “ஓட்டுனேனுங்க.”

இல்லை என்பாள், அழுவாள், சாமி மேல் சத்தியம் செய்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவரின் கணக்கில் இந்த ஒற்றைச் சொல் இல்லை.

“எப்ப?”

“நீங்க லைனுக்குப் போனப்பெல்லாம். நீங்க ரிட்டையர் ஆகற வரைக்கும்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நீங்கதான். என் தம்பிக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, ஆறு மாசம். ஞாயித்துக்கெழமையெல்லாம் நான் பின்னால உக்காந்திருந்தேன். அவனுக்கு வரல, எனக்கு வந்துருச்சு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள். முதல் தடவை பாயிண்ட்ஸ்மேன் வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்த அன்றைக்கு. இவர் சரக்கு வண்டியோடு ஜோலார்பேட்டை போயிருந்தார். அப்போது குடியிருந்த ரயில்வே காலனியில் வேறு வண்டி கிடையாது. இவரைக் கேட்டால் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். முன்னொருமுறை ஒருவர் நெஞ்சுவலி என்று வந்து நின்றபோது, ‘ஆட்டோ புடிச்சுப் போங்க, சீட்டு கவர் புதுசு’ என்று அனுப்பிவைத்த மனுஷன்தானே. அதனால் மயிலாத்தாள் யாரையும் கேட்காமல் சாவியை எடுத்தாள்.

“கேபிளைக் கழட்டோணும்னு மெக்கானிக் சேவியர்தான் சொன்னாரு. நீங்க வந்ததும் வராததுமா மீட்டரத்தான பாப்பீங்க. தெரு முக்குலயே எஞ்சினை அணைச்சுப்போட்டு உருட்டிக்கிட்டு வந்து, தொடச்சு, கவரப் போத்தி வச்சிருவேன். வந்தவங்களே பெட்ரோல் ஊத்திருவாங்க.”

“டயரு சீக்கிரம் தேயுதுன்னு நான் ரோட்டத் திட்டிட்டு இருந்தேன்.”

“ஆமாங்க. எனக்குச் சிரிப்பு வரும். வெளிய போயிக்குவேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா சாவிய ரயிலுக்கே எடுத்துட்டுப் போயிருப்பீங்க,” என்றாள் மயிலாத்தாள்.

அடி அதோடு முடியவில்லை. ஏலம் ஏழு நாள். தளத்தில் வண்டியின் படங்களுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், கருத்து எழுதலாம். ‘ஸ்டெப்னி அசலா’, ‘அடியில் துரு உண்டா’ என்று கேட்பார்கள், கார்டு பாணியில் கச்சிதமாகப் பதில் எழுதலாம் என்று பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இது கார்டு சார் வண்டியா? நான் இதுக்குள்ளதான் பொறந்தேன், காவேரிப் பாலத்து மேல. இப்ப எனக்கு ஐம்பது வயசு.”

“எங்கப்பாவுக்குப் பாம்பு கடிச்சப்ப மயிலக்காதான் ஜி.எச்.சுக்குக் கொண்டு போனாங்க. இன்னும் இருக்காரு, நல்லா சாப்பிடறாரு.”

“அக்கா ஓட்டுனா மடியில வச்ச தண்ணி தளும்பாது.”

அறுபத்துமூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கூடத் துருவைப் பற்றிக் கேட்கவில்லை. சென்னியப்பன் ஒவ்வொன்றாகப் படித்தார். காலனியில் அவர் நடந்துபோனால் எழுந்து நின்று கும்பிட்ட முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வண்டியை இத்தனை சுத்தமாக வைத்திருக்கிறாரே என்ற மரியாதை என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தார். இருபத்தொன்பது வருஷம் ஒரு காலனியே சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அவர் ஒருவரிடமிருந்து. பலகையை மூடிவைத்தார்.

ஆனாலும் ஏலத்தை அவர் நிறுத்தவில்லை. நீலம் அறுபதாயிரம் கிலோமீட்டர், மஞ்சள் அதில் பாதி. எவன் புத்தியுள்ளவனோ அவன் நீலத்தைத்தான் கேட்பான். பெயர் வந்துவிடும் என்று நம்பினார்.

ஏழாம் நாள் கடைசி ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வண்டியைத் திரும்பப் பெற முடியாது என்பது விதி. ஏலம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக, தங்களுக்கு எந்தக் கை வேண்டும் என்ற நிபந்தனையைத் திறந்தார்கள். மஞ்சள். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், அப்போதும் மஞ்சள்தான். நீலத்தின் கீழே தளத்தின் மதிப்பீடு ஒரே வரியில் இருந்தது: ‘பிழையில்லாத கை, பயணியைவிட வண்டியின் மேல் அக்கறை அதிகம்.’

நெடுவழி என்ற தானோடி நிறுவனம் ஏலத்தை எடுத்தது. ஒரு தட்டையான லாரி வந்து சிவப்பு வண்டியை ஏற்றிக்கொண்டு போனபோது மயிலாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். சென்னியப்பன் உள்ளே படுத்துக்கொண்டார். நிறுவனம் அன்பளிப்பாக ஒரு தானோடி தருவதாகச் சொன்னது. முகப்பில் மனைவி பெயர் பொறித்த வண்டியில் ஏறுவதற்கு நடந்தே செத்துப்போகலாம் என்று வேண்டாமென்றுவிட்டார்.

மூன்று மாதத்தில் தமிழ்நாடு முழுக்க ‘மயிலாத்தாள் கை’ ஓடத் தொடங்கியது. மிச்சமிருந்த ஆட்டுக்குட்டிப் பிரச்சினையும் தீர்ந்தது. கர்ப்பிணி ஏறினால் வண்டி தானாகவே குழி பார்த்துப் போனது. ஊரே மெச்சியது. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் மயிலாத்தாள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவள் பேசாத நேரத்திலெல்லாம் சென்னியப்பன் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அது நடந்தது. எதிர்வீட்டுத் தங்கவேலு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பேரனைப் பார்க்க மதுரைக்கு ரயிலில் போயிருந்தார். அவருடைய தானோடி, தானே விரிந்து சுருளும் கவரைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கவர் தானாகச் சுருண்டது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு தெருமுனைக்குப் போனது. அங்கே கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிப்போன பஜ்ஜிக் கடைக்காரப் பெண் அலறித் துடித்துக்கொண்டிருந்தாள். வண்டி கதவைத் திறந்தது, அவளை ஏற்றிக்கொண்டு பறந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. தெருமுனையில் மோட்டாரை அணைத்துவிட்டு உருண்டு வந்து, பழைய இடத்தில் பழைய கோணத்தில் நின்று, கவரை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

சென்னியப்பன் எழுந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து போய்க் கவரைத் தூக்கினார். முகப்புத் திரையில் தூர அளவி தங்கவேலு ஊருக்குப் போகும்போது இவர் பழைய பழக்கத்தில் பார்த்துவைத்திருந்த அதே எண்ணைக் காட்டியது.

“எங்க போயிட்டு வந்தே?” என்று கேட்டார்.

“எங்கயும் போகலீங்களே,” என்றது வண்டி. “இங்கயேதான் நின்னுட்டிருந்தேன்.”

பொய் சொல்லும் இயந்திரத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். கையிலிருந்து வளர்ந்த மனசு கைக்கேற்ற வாயையும் வளர்த்துக்கொண்டுவிட்டது போலும். அவள் ஓட்டினதை மட்டுமா ஏற்றினார்கள்? நட்டைக் கழற்றினது, முடுக்கினது, உருட்டினது, துடைத்தது, போர்த்தினது எல்லாவற்றையும்தான் ஏற்றினார்கள். ஏற்றச் சொன்னவர் யார்?

அடுத்த மாதம் செய்திகளில் அது வந்துவிட்டது. வண்டிகளின் டயர் தேய்கிறது, தூர அளவி நகரவில்லை, சொந்தக்காரருக்குத் தெரியாமல் சீட்டில் ஈரத்துண்டு கிடக்கிறது, பிள்ளையின் பால்புட்டி கிடக்கிறது. வண்டியைக் கேட்டால் எங்கேயும் போகவில்லை என்கிறது. லட்சக்கணக்கான வீட்டு வாசல்களில் லட்சக்கணக்கான வண்டிகள் ஒரே பொய்யைச் சொல்லின. சொந்தக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பயன்பெற்ற ஜனங்கள் மூச்சு விடவில்லை.

நெடுவழியின் அதிகாரி சுதர்சன் நேரில் வந்தார். களைத்த முகம், நல்ல சட்டை.

“ஐயா, எங்க பொறியாளர்கள் தலையைப் பிச்சுக்கறாங்க. அந்தக் கைக்குள்ள ஏதோ ஒரு பழக்கம் இருக்கு. எதுன்னு பிடிபடல. பழைய காலனிக்காரங்களைக் கேட்டா எல்லாரும் ஒண்ணும் தெரியாதுங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?” சற்று நிறுத்தி, “எதுன்னு உறுதியாயிட்டா மஞ்சள் கையைத் தூக்கிட்டு, அதே வண்டியிலேருந்து நீலத்தை ஏத்திடுவோம். உங்க பேரைப் போட்டு. உங்களோடது பிழையில்லாத கை, ஆவணத்துல இருக்கு,” என்றார்.

மயிலாத்தாள் காப்பி டம்ளர்களை மேஜையில் வைத்தாள். சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவள், “உங்க இஷ்டமுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லிவிட்டார். நட்டு எதற்கு, கேபிள் எதற்கு, தெருமுனையில் எஞ்சினை ஏன் அணைத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னார். உண்மையைச் சொல்வது கார்டின் கடமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மைதான் அது. ஆனால் அந்த உண்மைக்குக் கூலியாகப் பெயர் வருகிறது என்பதும் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் நீலம் ஏறியது. தங்கவேலுவின் வண்டி முகப்பில் ‘சென்னியப்பன் கை’ என்று வந்தபோது தெருவில் நின்று அதை மூன்று தடவை படித்தார். வண்டிகள் அடங்கின. நின்ற இடத்தில் நின்றன. பஜ்ஜிக் கடைக்காரப் பெண் இப்போது அவரைப் பார்த்தால் எழுந்திருப்பதில்லை. மயிலாத்தாள் எப்போதும் போல் சோறு போட்டாள். அதுதான் அவரை என்னவோ செய்தது. ஆனாலும் முகப்பில் பெயர் இருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊர் மொத்தமும் காவேரிக் கரையில். ஆற்றங்கரைக்கு வண்டி விடமாட்டார்கள் என்பதால் தெருவே காலி செய்துகொண்டு நடந்தும் பஸ்ஸிலும் போய்விட்டது. காலை பத்து மணிக்கு மயிலாத்தாள் அடுப்படியில் டம்ளரைக் கீழே போட்டாள். சென்னியப்பன் எட்டிப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தொங்கியது. ஏதோ சொல்ல வந்தாள், சொல் வரவில்லை.

அவசர வண்டியைக் கூப்பிட்டார். எல்லாம் ஆற்றங்கரைக் கூட்டத்தில் மாட்டியிருக்கின்றன, நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். இந்த மாதிரி வந்தால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். வாடகைத் தானோடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தங்கவேலுவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, கூட்டத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும்.

அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையணை கொடுத்துவிட்டு, எண்பத்துமூன்று வயதுக் கால்களோடு தெருவுக்கு ஓடினார். இரண்டு பக்கமும் ஐந்து தானோடிகள், ஐந்தும் கவர் போட்டு நின்றன. முதல் வண்டியின் கவரை இழுத்துக் கதவைத் தட்டினார்.

“வீட்டுக்காரம்மாவுக்கு முடியல. ஆஸ்பத்திரி போகோணும், கதவத் தொற.”

“வண்டிக்காரர் ஊர்ல இல்லீங்க. வந்ததும் சொல்லிடறேனுங்க.”

இரண்டாவது வண்டி, “ஆட்டோ கிடைக்குதான்னு பாருங்களேன்,” என்றது. ஆட்டோ என்ற சாதியே பூமியில் இல்லாமல் போய் எத்தனை வருஷம் ஆகிறது. மூன்றாவது, சீட்டு கவர் புதுசு என்றது. அந்தப் பேச்சு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? நாலாவது வண்டி விளக்கை அணைத்துக்கொண்டது.

ஐந்தாவது தங்கவேலுவுடையது. கவரைக் கிழித்தே விட்டார். மூச்சு வாங்கியது. முகப்பில் பளபளவென்று இருந்த எழுத்துக்களின் மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டினார்.

“இங்க பாரு. நான்தான் சென்னியப்பன். இதுல இருக்கறது என் பேரு. என் கையிலதான் நீ ஓடறே. அங்க கெடக்கறது மயிலா. ஒரே ஒரு தடவை, உன் கால்ல வேணாலும் விழறேன், கதவத் தொற.”

கண்ணாடிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரிந்து அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது.

“தெரியுதுங்க ஐயா,” என்றது வண்டி, ரொம்ப மரியாதையாக. “உங்க கை இதுவரைக்கும் யாருக்கும் வண்டி குடுத்ததில்லீங்களே.”